காய்ந்து விழுந்த பிறகு கொண்டு வா

சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கிறவர்கள் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

இது நடந்தது. 1994 நவம்பர் 16, 17, 18. புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாளும் பகல் பன்னிரண்டு இருபதுக்கு நடந்தது. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு நம் பக்கத்து உச்சிப்பொழுதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை அனுபவித்த பெண்மணி பொய்யே சொல்லாதவள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆபீஸ் புத்தகத்தில் அவள் பொய் எழுதியிருக்கிறாள், அதையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இதைப் பொய்யாகச் சொல்லி அவளுக்கு அசிங்கத்தைத் தவிர வேறு என்ன கிடைக்கப் போகிறது?

அவள் பெயர் கோமு. பாளையங்கோட்டைக்காரி. வயது நாற்பத்தேழு. முட்டை வைத்த பாத்திரத்தைக்கூட வாசல்படி தாண்டி உள்ளே விடாத சைவக் குடும்பம். அந்த வீட்டிலிருந்து ஒருத்தி நர்ஸ் வேலைக்கு வந்ததே பெரிய விஷயம். வந்தவள் பகுதி சுகாதாரச் செவிலியராகவும் ஆகிவிட்டாள். மலையடிவாரத்துத் துணை சுகாதார நிலையங்களை மேற்பார்வை பார்க்க வேண்டும். ஊர் ஊராக இருக்கிற மருத்துவச்சிகளுக்குச் சுத்தமாகப் பிரசவம் பார்க்கப் பயிற்சி கொடுக்க வேண்டும். எல்லாரும் அவளைப் பெரிய நர்சம்மா என்பார்கள்.

வேலையில் கெட்டிக்காரி. ஆனால் அருவருப்பு அவளோடு கூடப் பிறந்தது. மருத்துவச்சிகள் பக்கத்தில் வந்தாலே முந்தானை மூக்குக்குப் போய்விடும். அவர்கள் வெற்றிலை மெல்லுவது பிடிக்காது. நகக்கண்ணில் அழுக்கோடு வருவது பிடிக்காது. தொப்புளில் சாணிச் சாம்பல் வைத்துப் பிள்ளைகளைக் கொன்ற கைகள் என்று அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டும். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஏழாம் நாள் ஜன்னி கண்டு எத்தனையோ பச்சைப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போயிருக்கின்றன.

செத்த பிள்ளைகளை மருத்துவச்சிகள் சொல்வதில்லை. கேட்டால், "நல்லா இருக்கு நர்சம்மா" என்பார்கள். எழுதத் தெரியாதவர்களிடம் ரிஜிஸ்டர் கேட்டு என்ன செய்ய? அதற்குக் கோமு ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளையின் தொப்புள்கொடி காய்ந்து தானாக விழுந்ததும் அதைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கொடி காய்ந்து விழுந்தால் பிள்ளை ஒரு வாரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதுதான் சாட்சி. அது வந்தால்தான் அந்தப் பிள்ளையை 'உயிருடன்' என்று எழுதுவாள்.

அந்தக் கொடியைத் தாயத்துக்குள் வைத்துப் பிள்ளையின் அரைஞாணில் கட்டுவது ஊர் வழக்கம். பெற்றவர்கள் அழுதார்கள். "பிள்ளை இடுப்புல கெடக்க வேண்டியதுல்லா நர்சம்மா" என்று மருத்துவச்சிகள் கெஞ்சினார்கள். கோமு கேட்கவில்லை. மேலதிகாரிகள் இந்த யோசனையைப் பாராட்டினார்கள். பொட்டலங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஆலடித்துறை துணை நிலையத்து இரும்பு அலமாரியில் பூட்டி வைத்தாள். கையால் தொடமாட்டாள், இடுக்கியால்தான் எடுத்துப் போடுவாள். சாவி எப்போதும் அவள் இடுப்பில் இருக்கும்.

ஆலடித்துறை, அணைக்கு மேலே தண்ணீர் ஓரத்தில் இருக்கிற சின்ன ஊர். அங்கிருந்து பார்த்தால் நடுத்தண்ணீரில் கூவைத்திட்டு தெரியும். அணை நிறைந்தால் அது தீவு. பத்தொன்பது வீடு. தோணியை விட்டால் வேறு வழி கிடையாது. மாதம் ஒரு முறை கோமு அங்கே போய்ப் பார்க்க வேண்டும். 1991-ல் ஒரே ஒரு தடவை போனாள். தோணியில் வாந்தி எடுத்தாள். கரையில் நடக்கும்போது ரவிக்கைக்குள் அட்டை ஏறி, ரத்தம் குடித்து, கொட்டைப்பாக்கு அளவு பருத்துப்போய் விழுந்தது. அதோடு சரி. அப்புறம் மாதாமாதம் பயண நாட்குறிப்பில் 'கூவைத்திட்டு சென்று பார்வையிட்டேன்' என்று எழுதினாள். கொடிதான் வீடு தேடி வருகிறதே, பிறகு எதற்கு அந்தத் தண்ணீரில் போய்ச் சாக வேண்டும்?

கொண்டு வருகிறவள் சுடலைவடிவு. திட்டின் மருத்துவச்சி. கறுத்து ஒடிசலான தேகம், ஐம்பதை ஒட்டிய வயது. தன் தோணியைத் தானே தள்ளிக்கொண்டு வருவாள். மற்றவர்கள் பேப்பரில் பொட்டலம் கட்டுவார்கள், இவள் மட்டும் தேக்கிலையில் மடித்து, பிரசவப் பெட்டியில் கொடுத்த வெள்ளை நூலால் இரண்டு முடிச்சுப் போட்டிருப்பாள்.

அந்த மாதம் திட்டில் ஒரே ஒரு கர்ப்பிணி. முத்துராணி, தலைச்சன். கணவன் மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான். அவள் காலில் வீக்கம் இருப்பதாகப் போன கூட்டத்திலேயே சுடலைவடிவு சொல்லியிருந்தாள். "முகம் வீங்குச்சுன்னா ஒரு நிமிசம் வச்சுக்கிடாத. நேரா இக்கரைக்குக் கூட்டிட்டு வா. தாயும் பிள்ளையும் உன் பொறுப்பு" என்று கோமு சொல்லி அனுப்பினாள்.

பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து பேய் மழை. சுழல்காற்று. விடிந்தபோது தூறலாகக் குறைந்திருந்தது. புதன்கிழமை காலை ஆலடித்துறையில் மூன்று நாள் பயிற்சி முகாம் தொடங்கியது. பன்னிரண்டு பேர் வர வேண்டும். பதினொரு பேர் வந்திருந்தார்கள். சுடலைவடிவைக் காணோம்.

"மழைய பாத்துட்டுப் பைய வருவா" என்றாள் செல்லக்கிளி. அந்த நிலையத்துக் கிராம நர்ஸ், சின்னப் பெண்.

"எல்லாத்துக்கும் ஒரு சாக்கு" என்றாள் கோமு.

பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்திக் கை கழுவ வைத்தாள். அந்த நிலையத்தில் அது சட்டம். பின்வாசலுக்கு வெளியே ஒரு துவைக்கிற கல், பக்கத்தில் தண்ணீர் வாளி, பேசின். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. சுத்தமாகக் கழுவாதவள் வாசல்படியைத் தாண்டக்கூடாது. தண்ணீரை ஆயா கீழே துறையிலிருந்து குடத்தில் சுமந்து வந்து ஊற்றுவாள். அன்றைக்குத் தண்ணீரில் லேசாக ஒரு கவிச்சி. புது வெள்ளம் என்று விட்டுவிட்டார்கள்.

மதியம் பன்னிரண்டுக்கு எல்லாரும் பள்ளிக்கூடத்து வராந்தாவுக்குச் சாப்பிடப் போனார்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக் கோமுவுக்கு முடியாது. உள்ளறையில் தன் டிபன் கேரியரைத் திறந்தாள். சுவர்க்கடிகாரத்தில் மணி பன்னிரண்டு இருபது.

பின்வாசலில் சத்தம் கேட்டது.

சளக்... சளக்... சளக்...

எட்டிப் பார்த்தாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சுடலைவடிவு. குனிந்து பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தாள். சேலை, தலை, எல்லாம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா மகாராணி. மணி என்ன தெரியுமா?"

சுடலைவடிவு நிமிரவில்லை. "பிள்ளை பொறந்திருக்கு நர்சம்மா. முத்துராணிக்கு. எழுதுங்க."

"அதுக்குள்ளயா? இன்னும் பதினஞ்சு நாளு கெடக்கே?"

"வந்து பாருங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கல்லின்மேல் வைத்தாள். தேக்கிலை. வெள்ளை நூல், இரண்டு முடிச்சு. இலையின் மடிப்பிலிருந்து தண்ணீர் வழிந்தது. சிவப்பாக.

கோமு முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டாள். மீன் தொட்டியை ஒரு மாதம் கழுவாமல் வைத்தால் வருமே, அந்த நாற்றம். சாப்பிட்ட கவளம் தொண்டை வரை வந்து நின்றது.

"சீ! பச்சைக் கொடியையாட்டி அறுத்துக்கொண்டாந்த? உனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? காஞ்சு விழுந்த பெறவு கொண்டா. அதுவரைக்கும் எழுத மாட்டேன். எடு அத மொதல்ல."

"வந்து பாருங்கம்மா..."

"நான் எங்கன வர? அந்தத் தோணியில ஏறி அட்டைக்கு ரத்தம் குடுக்கவா? எடுத்துட்டுப் போ."

கதவைச் சாத்தினாள். மறுபடியும் திறந்தபோது ஆள் இல்லை. கல்லும் ஈரம், தரையும் ஈரம். தூறல்தானே, ஈரமாகத்தான் இருக்கும். டிபன் கேரியரை மூடி வைத்துவிட்டாள். தயிர்சோற்றைப் பார்க்கவே முடியவில்லை. நாயும் அதைத் தின்னவில்லை என்று செல்லக்கிளி பிறகு சொன்னாள்.

வியாழக்கிழமை. மழை விட்டு வெயில் அடித்தது. தண்ணீரின் கவிச்சி கூடியிருந்தது. டீ குடித்த இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோமு சிவப்புச் சோப்புக் கட்டிகளை நூலால் பாதி பாதியாக அறுத்து ஆளுக்கொரு பாதி கொடுத்தாள். ஒரு பாதி மிஞ்சியது. சுடலைவடிவின் பாதி.

மணி பன்னிரண்டு இருபது.

சளக்... சளக்... சளக்...

அதே இடம். அதே குனிந்த தலை. நல்ல வெயில்... ஆனால் அவள் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய தண்ணீர் காயவில்லை. நேற்று அவளிடம் ஒரு ஈ கூட இல்லை. இன்றைக்குத் தலையைச் சுற்றி நீல ஈக்கள் மொய்த்தன. அவள் ஓட்டவில்லை.

"தாய்க்கு முடியலம்மா. வாங்க."

கோமுவுக்குள் இருந்த நர்ஸ் ஒரு நொடி விழித்துக்கொண்டாள். "ரத்தம் போகுதா?"

"போச்சு. ராத்திரி பூரா போச்சு."

"இப்ப?"

"இப்ப நின்னுட்டு."

"நின்னுட்டுல்லா? பெறவு என்ன? வெந்நி வச்சுக் குடு. நாளைக்கு முகாம் முடியட்டும், செல்லக்கிளிய அனுப்புதேன்."

வருகைப் பதிவை நீட்டினாள். இரண்டு நாளுக்கும் ரேகை வைக்கச் சொன்னாள், பன்னிரண்டு பேர் என்று காட்ட வேண்டுமே. சுடலைவடிவு மையில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். கோமு பார்த்தாள். கோடே இல்லை. வெறும் நீலத் திட்டு. மையோடு ஏதோ கொழகொழவென்று காகிதத்தில் ஒட்டியிருந்தது.

"ஒழுங்கா அமுக்கத் தெரியாதா?"

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தாள். வெளிறி, ஊறி, சுருக்கம் சுருக்கமாக... நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி. நகத்தைச் சுற்றிப் பாசி. தண்ணீரில் கிடந்த பிணங்களைப் பிணவறையில் பார்த்தவள்தான் கோமு. அந்தக் கை எது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அருவருப்பு கண்ணை மறைத்துவிட்டது.

"இந்தக் கையோடவாட்டி பிள்ளையத் தொட்ட? பாவி! இந்தா, சோப்பு. கழுவாம அந்தப் பிள்ளைய நீ தொடக்கூடாது. கேக்குதா? ஒவ்வொரு தடவையும் கழுவணும்."

சுடலைவடிவு சோப்பை வாங்கிக்கொண்டாள். "சரிம்மா" என்றாள். அவள் விரல் கோமுவின் விரலில் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது என்று கோமு சொல்லவில்லை. "வழுக்கியது" என்றுதான் சொன்னாள்.

அன்று வீட்டுக்குப் போய் மூன்று தடவை குளித்தாள். விரல் நாற்றம் போகவில்லை. மஞ்சள் தேய்த்தாள். எலுமிச்சம்பழம் தேய்த்தாள். டெட்டால் ஊற்றினாள். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை. வாளித் தண்ணீரின் மேல் மெல்லிசாக எண்ணெய் படிந்தது போல மினுமினுப்பு. மருத்துவச்சிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே கை கழுவினார்கள். சாப்பாட்டு நேரத்தில் கோமு அறைக்குள் போகவில்லை. பின்வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்கு வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம் என்று.

பன்னிரண்டு பத்து. யாரும் இல்லை.

பன்னிரண்டு பதினெட்டு. காற்று நின்றது. மரத்தில் காக்கைச் சத்தம் நின்றது.

உள்ளே திரும்பிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்... பன்னிரண்டு இருபது.

சளக்... சளக்...

எந்த வழியாக வந்தாள்? படியில் ஏறி வரவில்லை. கேட் பூட்டியிருக்கிறது. பேசினுக்கு முன்னால் குனிந்து நின்றாள். முடி முகத்தை மறைத்திருந்தது. வேகமாகக் கழுவினாள். உள்ளங்கை... புறங்கை... விரலிடுக்கு... நகக்கண்... மணிக்கட்டு. ஒன்று விடவில்லை. கோமு சொல்லிக் கொடுத்த வரிசை.

பிறகு மறுபடியும். உள்ளங்கை... புறங்கை...

"போதும்" என்றாள் கோமு.

அவள் நிறுத்தவில்லை.

பேசினில் ஏதோ மிதந்தது. வெள்ளையாக. வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக.

ஐந்து விரல்... நகங்களோடு.

உள்ளங்கையின் தோல் முழுசாகக் கழன்று, உறை மாதிரி, தண்ணீரில் விரிந்து மிதந்தது. அதில் ரேகைகள் தெளிவாகத் தெரிந்தன. பெருவிரல் நுனியில் நீல மை.

கோமு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வெறும் பித்தம். எடுத்து முடித்தபோது அவளுக்கே தெரியாமல் வாயில் அந்தக் கேள்வி வந்தது. மூன்று நாளில் ஒரு தடவையும் கேட்காத கேள்வி.

"பிள்ளை எங்கட்டி இருக்கு?"

கை கழுவுகிற சத்தம் நின்றது.

"ஆமைப்பாறையில. தாய் போயிட்டா. பிள்ளை மட்டும் கெடக்கு."

கோமு நிமிர்ந்து பார்த்தாள்.

கல். வாளி. பேசின். தெளிந்த தண்ணீர்.

வேறு ஒன்றும் இல்லை.

கல்லிலிருந்து ஈரக் காலடிகள் போயின. கேட்டுக்கு அல்ல. நேராகச் சரிவில் இறங்கி... தண்ணீருக்குள்.

கோமு செருப்புப் போடாமல் துறைக்கு ஓடினாள். மீன் குத்தகைக்காரர் நூர்முகம்மது வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். காற்றுக்குப் பயந்து செவ்வாயிலிருந்து அவர் தோணி எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, ஆமைப்பாறைக்குப் போகணும். இப்பவே."

"அங்கன ஒரு குருவி கூட இருக்காதே நர்சம்மா?"

"பிள்ளை இருக்கு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வலையை அப்படியே போட்டுவிட்டுத் தோணியைத் தண்ணீரில் தள்ளினார். தோணி கிளம்பும்போது பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஆமைப்பாறை, திட்டுக்கும் துறைக்கும் நடுவில் தண்ணீருக்கு மேலே முதுகு காட்டிக்கொண்டிருக்கும் மொட்டைப் பாறை. ஒன்று இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முங்கிப்போன மரக்கட்டையில் மோதி அடிப்பலகை பிளந்த தோணி ஒன்று அங்கே கவிழ்ந்து கிடந்தது. சுடலைவடிவின் தோணி.

பாறையின் மறுபக்கத்துக் குடைவில் முத்துராணி படுத்திருந்தாள். வீங்கிய முகம். சேலை இடுப்புக்குக் கீழே கறுத்துப்போய்க் காய்ந்திருந்தது. கால், கழுத்து, கண்ணிமை, எங்கே பார்த்தாலும் அட்டை. அந்த நாற்றத்தை எழுத எனக்கும் மனசு வரவில்லை.

அவள் பக்கத்தில், கிழித்த பாதிச் சேலைக்குள் ஒரு பெண் பிள்ளை.

அதன் மேல் ஒரு அட்டை இல்லை. ஒரு ஈ இல்லை. தொப்புள்கொடி வெள்ளை நூலால் இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டு, நடுவில் சுத்தமாக அறுத்திருந்தது. பாடத்தில் சொன்ன மாதிரியே. உதடு வறண்டு கிடந்தது. கோமு விரலை வைத்தாள். உதடு அசைந்தது.

கையுறை போடாமல் நோயாளியைத் தொடாத கோமு, அழுக்கும் மலமும் காய்ந்து ஒட்டியிருந்த அந்தப் பிள்ளையை எடுத்து ரவிக்கைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"நர்சம்மா" என்றார் நூர்முகம்மது. "இது என்ன?"

பிள்ளை கிடந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பாறையில் ஒரு சோப்பு. சிவப்புச் சோப்பு. பாதியாக நூலால் அறுத்தது. தேய்ந்து தேய்ந்து வெற்றிலைக் கனத்துக்கு வந்திருந்தது.

அதில் நுரை இருந்தது. வெடிக்காத நுரை.

பிள்ளையைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்ல ராத்திரி எட்டு மணி ஆனது. கோமு அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

சனிக்கிழமை சுடலைவடிவைக் கண்டுபிடித்தார்கள். எங்கே தெரியுமா? துணை நிலையத்துக்குப் பின்னால், துறைப்படிக்குப் பக்கத்தில், மருத மர வேருக்குள் தண்ணீருக்கடியில் சிக்கிக் கிடந்தாள். ஆயா குடம் முக்குகிற இடம். மூன்று நாளும் பதினொரு பெண்கள் சுத்தம் கற்றுக்கொண்டது அந்தத் தண்ணீரில்தான். காலையும் மாலையும் டீ போட்டதும் அந்தத் தண்ணீரில்தான். கோமுவும் குடித்தாள்.

பிணப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னார். செவ்வாய் நள்ளிரவுக்கு மேல் அவள் உயிரோடு இருந்திருக்க வழியில்லை. முகம் வீங்கியதும் முத்துராணியை ஏற்றிக்கொண்டு சொன்னபடி இக்கரைக்குக் கிளம்பியிருக்கிறாள். திட்டுக்காரர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தார்கள். இக்கரைக்காரர்கள், கிளம்பவே இல்லை என்று நினைத்தார்கள். தோணி உடைந்து, பாறையில் பிரசவம் பார்த்துவிட்டு, ஆள் கூட்டிவர இருட்டில் நீந்தியிருக்கிறாள். துறைப்படிக்கு நான்கு முழம் இருக்கும்போது வேரில் கால் மாட்டிவிட்டது. மடியில் தேக்கிலைப் பொட்டலம் இருந்தது. இரண்டு கையிலும் மணிக்கட்டுக்குக் கீழே தோல் இல்லை. தேடியும் கிடைக்கவில்லை.

"தாய் எப்ப போனா சார்?" என்று கோமு கேட்டாள்.

"வியாழக்கிழமை. மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும்."

வியாழக்கிழமை. 'இப்ப நின்னுட்டு.'

கோமு புதன்கிழமை மதியம் போயிருந்தால் தாயும் பிழைத்திருப்பாள். அரை மணி நேரத் தோணிப் பயணம். பிணத்தின் கையைப் பார்த்து வராத அளவு அருவருப்பு அவளுக்குத் தன் கையைப் பார்த்து வந்தது. தோய்த்து இஸ்திரி போட்ட சேலையைப் பார்த்து வந்தது. 'கூவைத்திட்டு சென்று பார்வையிட்டேன்' என்ற முத்து முத்தான தன் கையெழுத்தைப் பார்த்து வந்தது. அதற்கு எந்தச் சோப்பும் கிடையாது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பிள்ளை பிறந்து ஏழு நாள் கழித்து, இருபத்திரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை, வார்டில் பிள்ளைக்குத் துணி மாற்றிய நர்ஸ் கோமுவைக் கூப்பிட்டாள். கொடி விழுந்துவிட்டது. தொப்புள் சுத்தமாக ஆறியிருந்தது. ஆனால் விழுந்த கொடியைக் காணோம். துணியை உதறினார்கள். மெத்தையைப் புரட்டினார்கள். கட்டிலுக்கடியில் தேடினார்கள். கிடைக்கவில்லை. அப்போது மணி என்ன என்று கோமு பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

வெள்ளிக்கிழமை ஆலடித்துறைக்குப் போனாள். டப்பாவில் இருக்கிற கொடிகளையெல்லாம் அந்தந்தத் தாய்மாரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். செல்லக்கிளி பக்கத்தில் நின்றாள். பத்து நாளாக யாரும் தொடாத அலமாரி. பூட்டில் சிலந்திவலை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள்.

டப்பாவின் மூடியைத் தூக்கினாள்.

பழைய பேப்பர் பொட்டலங்களுக்கு மேலே, புதிதாக, பச்சையாக, ஒரு தேக்கிலைப் பொட்டலம்.

வெள்ளை நூல். இரண்டு முடிச்சு.

இடுக்கியைத் தேடவில்லை. கையாலேயே எடுத்துப் பிரித்தாள்.

இலை சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. உள்ளே கொடி மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது.